புகைபிடிக்கும் அறையும் சரக்கு அறையும்

வீடு கட்டியபோது மாடியில் நான்கு அறைகள் வரைந்தேன். அனுமதிக்குப் போன வரைபடத்தில் அவற்றின் பெயர்கள்: படிக்கும் அறை, பூஜை அறை, துணி உலர்த்தும் அறை, சரக்கு அறை. நான்குக்கும் தனித்தனிக் குளியலறை. துணி உலர்த்த எதற்குக் குளியலறை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டட அனுமதிப் பிரிவில் முப்பது வருடம் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த நாற்காலியில் இருப்பவன் அளவைப் பார்ப்பான், முத்திரையைப் பார்ப்பான். அறையின் பெயர்மேல் அவன் கண் நிற்காது.

ஓய்வு பெற்ற மறு மாதமே நான்கு அறைகளிலும் வெளிநாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆசிரமத்துக்குப் பின்தெரு அப்படி. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீடுகள்தான் எல்லாமே. குடியிருக்க மட்டும் கட்டியது ஒன்றுகூட இல்லை.

சரக்கு அறை ஒரு ஜெர்மன்காரருக்கு. எண்பதைத் தொட்டவர். ஏழு வருடமாகக் கார்த்திகைத் தீபத்துக்கு முன் வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போவார். அந்த ஜன்னலில் மலை உச்சி முழுதாகத் தெரியும். இந்த முறை இடுப்பு ஆபரேஷன் முடிந்து, கைத்தடியோடு வந்தார். இதுதான் கடைசிப் பயணம் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜன்னலிலிருந்து ஒரு தீபம் பார்த்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

ஒரு மாலை, கொஞ்சம் பெருமையோடு, அவரிடம் என் வரைபடத்தைக் காட்டினேன். சரக்கு அறை எது என்று புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். "என் அப்பாவும் இதே வேலைதான் செய்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் அப்பா விமானத் தொழிற்சாலையில் வரைவாளர். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி போர் விமானம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் ஒரு பயணி விமானம் வரைந்தார்கள். இரண்டு என்ஜின், பத்துப் பயணிகள், நல்ல வேகம். விமானத்தின் பெயரில் 111 என்று ஓர் எண் உண்டு. கோப்புக்கு எண் போதும், நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். பத்துப் பேரில் நாலு பேருக்கு மட்டும் தனியாகப் புகைபிடிக்கும் அறை. அந்த அறை சரியாக வெடிகுண்டு அடுக்கும் இடத்தில் இருந்தது. நாற்காலியைக் கழற்றினால் குண்டு வைக்கலாம். பயணிகளை ஏற்றினால் நஷ்டம் என்று விமானக் கம்பெனி முனகியது. அதை யார் கேட்டார்கள்?

நான் எழுந்து நின்று கைதட்டாத குறை. எங்கள் பிரிவில் யாருக்கும் இது தோன்றியதில்லை. நாங்கள் பூஜை அறையோடு நின்றுவிட்டோம்.

"அப்பா அந்த அறைக்குச் சாம்பல் தட்டு வரைந்தார்" என்றார் அவர். "பிறகு அந்த விமானம் ஸ்பெயினில் குண்டு போட்டது. லண்டனில் போட்டது. 'நான் வரைந்தது சாம்பல் தட்டு மட்டும்' என்று சாகும்வரை சொன்னார்."

இதைவிடச் சரியான பதிலை எந்த ஆபீஸிலும் எழுதிவிட முடியாது. நான் தலையாட்டினேன்.

மிச்சக் கதையையும் சொன்னார். ஸ்பெயினில் எதிரியின் பழைய விமானங்களால் அதைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. ஆகவே துப்பாக்கி அதிகம் தேவையில்லை என்று மேலிடம் முடிவு செய்தது. இங்கிலாந்தில் எதிரி வேகமாக வந்தான். உடனே ஒரு துப்பாக்கி சேர்த்தார்கள். அதைச் சுட ஓர் ஆள். அப்புறம் இன்னொன்று, அதற்கும் ஆள். கனம் ஏற ஏற வேகம் குறைந்தது. மாற்று விமானத்துக்கான கோப்பு மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்ததால், பழையதையே போர் முடியும் தறுவாய்வரை செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ரஷ்யாவில், பனியில் சிக்கிய சொந்தப் படைக்கு ரொட்டி கொண்டுபோய், திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றி வந்தது.

"பார்த்தீர்களா, பயணி விமானம் என்று எழுதிக் கொடுத்தோம். ஆகிவிட்டது" என்றார். சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் எனக்கு நோட்டீஸ் வந்தது. குடியிருப்பு அனுமதி பெற்ற கட்டடத்தை விடுதியாக நடத்துவதால் மாடியை ஏன் பூட்டி சீல் வைக்கக் கூடாது? பதில் தரப் பதினைந்து நாள். தீபத்துக்கு இருபது நாள் இருந்தது.

ஆய்வுக்கு வேங்கிக்கால் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி, முன்பு என் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்த பெண். நேரே மாடிக்குப் போனார்.

"இது என்ன ரூம் சார்?"

"சரக்கு அறை."

"கட்டில் கெடக்குதே?"

"கட்டில்தாம்மா சரக்கு."

"கட்டில் மேல?"

ஜெர்மன்காரர் எழுந்து உட்கார்ந்து, "வணக்கம்" என்றார்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். உள்ளே என் கையெழுத்து, அடுக்கடுக்காக. வெளிநாட்டவர் யார் தங்கினாலும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் போலீஸுக்கு சி படிவம் போட வேண்டும். ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. ஒவ்வொன்றிலும் 'தங்கியிருக்கும் இடம்' என்பதற்கு எதிரே அறையின் பெயரையும் எழுதியிருந்தேன்: பூஜை அறை, இருவர், இத்தாலி.

"தெருவுல இத்தனை வீடு இருக்குது சார். மாட்டினது நீங்க ஒருத்தர்தான்" என்றார். "மத்தவங்க யாரும் ஒழுங்கா ஃபார்ம் போடறதில்ல."

வாசல்வரை அவரை வழியனுப்பிவிட்டு வந்த என்னை மனைவி பிடித்துக்கொண்டாள். "ஊர்ல ஒருத்தன் போட்டுக் குடுத்தான்னா கூட பரவால்ல. உங்கள நீங்களே புடிச்சுக் குடுத்துக்கிட்டீங்களே!"

"நான் ஃபார்ம்தானே போட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று உறைத்தது. மேலே கைத்தடி ஒரு முறை தட்டியது, தற்செயலாகத்தான் இருக்கும்.

விதிப்படி ஒரே வழி இருந்தது. வாடகைக்கு யாரும் இல்லையென்றால் விடுதி இல்லை. மற்ற மூன்று அறைகளையும் காலி செய்தேன். வெறுமையாக விட்டால் சந்தேகம் வரும் என்று மனைவி தன் சாமி படங்களை மாடிக்கு ஏற்றினாள். என் பழைய புத்தகங்கள் படிக்கும் அறைக்குப் போயின. மூன்றாவதில் கொடி கட்டி, என் வேட்டியைக் காயப் போட்டோம். பன்னிரண்டாம் நாள் மாடி முழுக்க நான் எழுதிக் கொடுத்தபடியே ஆகிவிட்டிருந்தது, ஒரே ஓர் அறையைத் தவிர.

ஜெர்மன்காரர் போகத் தயாராகப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். மனைவி அதை அவிழ்த்தாள். "வாடகை வேணாம்னு சொல்லுங்க. விருந்தாளிய எந்தச் சட்டம் தொரத்தும்?"

அவருக்குப் புரிந்ததும், ஒரு பென்சிலும் ஸ்கேலும் கேட்டார். உள்ளபடி வரைந்த படம் ஒன்று எப்படியும் பதிலோடு வைக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் கைத்தடியும் டேப்புமாக மாடியை அளந்தார். கோடு ஒவ்வொன்றும் முடிபோல. சரக்கு அறையின் நடுவில், என்னிடம் எழுத்துக் கேட்டு, குழந்தைக் கையெழுத்தில் 'விருந்தாளி அறை' என்று எழுதினார்.

கடைசி நாள் அதிகாரி மறுபடி வந்தார். சாமி படங்களைக் கும்பிட்டார், வேட்டியை விலக்கிக்கொண்டு நடந்தார். "விருந்தாளிக்கு சி ஃபார்ம் போட்டாச்சா சார்?"

"அது போடாம இவருக்குத் தூக்கம் வருமா?" என்றாள் மனைவி.

வரைபடத்தைப் பார்த்த அதிகாரி, விருந்தாளி அறையின் ஜன்னலோரம் விரலை வைத்தார். "இது என்னது, சின்னதா, வட்டமா?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். அளவு மாறாமல் ஒரு சாம்பல் தட்டு.

"விபூதித் தட்டா? சரி" என்று அவரே சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெர்மன்காரர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். தீபத்துக்கு ஐந்து நாள் இருந்தது.