அடுப்பை ஒளித்த வீடு

மெஹராஜ் அக்காவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டு நாலு மாதம் ஆகிறது. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கும் சேர்ந்து எரிகிறது.

தாராவியில் ஆட்டோ சீட் தைக்கும் பட்டறை அவளுடையது. மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம். கீழே தையல் மெஷின், ரெக்சின் சுருள், ஃபோம். இரும்பு ஏணியில் ஏறினால் பலகைத் தளம்; அங்கேயும் ஓரமாக மிச்ச ரெக்சினும் ஃபோமும். புருஷன் மவுத்தான பிறகும் அவளும் மகள் சாயிமாவும் அங்கேதான் பொங்கித் தின்று படுக்கிறார்கள்.

ஆனால் லைசென்ஸ் பட்டறைக்கு மட்டும்தான். ஃபோம் இருக்கிற இடத்தில் அடுப்பு எரியக் கூடாது, ஆள் தூங்கக் கூடாது. ஆகவே கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாக எவன் சந்துக்குள் நுழைந்தாலும், முதலில் பார்ப்பவர் ஷட்டரை இரண்டு தட்டு தட்டுவார். வரிசை முழுக்க அடுப்புகள் மறைந்துவிடும். அக்கா அரை நிமிஷத்தில் அடுப்பை ரெக்சினுக்குப் பின்னால் தள்ளி, பாயைச் சுருட்டி ஃபோமுக்குள் சொருகிவிடுவாள்.

நாலு மாதத்துக்கு முன் வந்தவர்கள் வேறு ஆட்கள். தாராவியை இடித்துக் கட்டும்போது யாருக்கெல்லாம் புது வீடு கொடுக்கலாம் என்று கணக்கெடுக்க வந்தவர்கள். அதே அட்டை, அதே ஃபைல். எந்தப் புண்ணியவானோ ஷட்டரைத் தட்டித் தொலைத்தான். அக்காவின் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. ஏறிப் பார்த்தவர்கள், ‘பட்டறை மட்டும், குடியிருப்பு இல்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஆட்சேபம் கொடுங்கள், குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றார்கள். ரேஷன் கார்டோ காட்கோபரில் மைத்துனர் வீட்டு விலாசத்தில் இருக்கிறது. எங்கே போவாள் ஆதாரத்துக்கு?

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த வெள்ளைக்கார ஜோடி வந்தது. யோனாஸ், அன்னா. ஜெர்மனியிலிருந்து லாரியிலேயே வந்திருக்கிறார்கள். லாரிக்குள் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. ஆறு வருஷமாக அதுதான் வீடாம். மெத்தை உறை கிழிந்து, தைக்கக் கொண்டுவந்தார்கள்.

ரோட்டில் நின்ற லாரியை விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் வந்தார். “இதுதான் எங்க வீடு” என்று யோனாஸ் கதவைத் திறந்து அடுப்பைக் காட்டினான். “வாஹ், க்யா பாத் ஹை!” என்று இந்தியில் வியந்து, அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார் அவர்.

அக்கா கத்தரிக்கோலை மேஜையில் வீசினாள். “பாத்தியா நயினாரு? நாலு சக்கரத்து மேல அடுப்ப வச்சா அது வீடு. இருவத்திரண்டு வருசமா ஒரே எடத்துல பொங்குதேன், இது வீடு இல்லையாம். நல்லாருக்குடே நியாயம்!”

கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

மறுநாள் உறை தயாரானது. அவர்களுக்கு டீ போட அக்கா மேலே ஏறினாள். வேலையை போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அன்னா, எடுத்துக்கொண்டே ஏணியில் பின்னால் ஏறினாள். வெள்ளைக்காரியையும் கேமராவையும் பார்த்து எவனோ பயந்து ஷட்டரை இரண்டு தட்டு தட்டினான்.

சாயங்காலம் சாயிமாதான் கேட்டாள். “உம்மா, அந்த வீடியோல நம்ம வீடு இருக்கும்லா? அதையே ஆதாரமா குடுக்கலாமே!” அக்கா அவளையும் என்னையும் இழுத்துக்கொண்டு லாரிக்கு ஓடினாள். அன்னா சந்தோஷமாகப் போட்டுக் காட்டினாள்.

ஏணி, பலகைத் தளம், கொதிக்கிற டீ. டக், டக். அக்கா அடுப்பை அணைத்தாள். ரெக்சினுக்குப் பின்னால் தள்ளினாள். பாயைச் சுருட்டிச் சொருகினாள். அப்புறம் கேமராவைப் பார்த்து, ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்தாள்.

“யா அல்லா! இப்பவும் ஒளிச்சிருக்கேனே! இந்தக் கைய வெட்டித்தான் போடணும்!” தலையில் அடித்துக்கொண்டாள். சாயிமா அழ ஆரம்பித்தாள். தட்டியவன் என் கையில் கிடைத்திருந்தால் பல்லைப் பேர்த்திருப்பேன்.

அக்கா கண்ணைத் துடைத்தாள். “இன்னொரு தடவ போடச் சொல்லுட்டீ” என்றாள் மகளிடம். பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். “இத என் போனுக்கு அனுப்பச் சொல்லு.”

திங்கட்கிழமை ஆபீஸில் அந்த வீடியோவை அதிகாரி முன்னால் வைத்தாள். அவர் பார்த்துவிட்டு, “நீயே அடுப்பை ஒளிக்கிறாயே அம்மா” என்றார் இந்தியில்.

“ஆமா ஸாப், ஒளிச்சேன்.” அவள் குரலுக்கு ஆபீஸே திரும்பிப் பார்த்தது. “அந்த வெள்ளைக்காரிக்கு வீடு இருக்கு, அவ ஒளிக்கல. உங்களுக்கு வீடு இருக்கு, நீங்க ஒளிக்கல. அங்க குடியில்லாதவ எதுக்கு ஸாப் கொதிக்கிற டீயோட அடுப்ப ஒளிக்கணும்? அத எழுதுங்க!”

அதிகாரி போனை எடுத்து, வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார்.