தையல்காரம்மா சி டிரைவைப் பிரித்த கதை

தையல்காரம்மாவுக்குக் கத்தரியைக் கண்டு பயமில்லை. அளக்காமல் கத்தரியைத் தூக்குகிறவர்களைக் கண்டால்தான் பயம். அந்தக் கூட்டத்தில் சொந்தக் கொழுந்தனாரையே சேர்க்க வேண்டி வரும் என்று அவர் நினைத்ததில்லை.

ஒன்பது வருடமாகத் தானே பேசி, தானே வெட்டித் தைத்துக் காட்டி எடுத்த நானூறு தையல் பாட வீடியோக்கள் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தன. விண்டோஸ் கெட்டுப்போய், அதைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டிய நிலை. ஆனால் ஹார்ட் டிஸ்க் முழுக்க ஒரே சி டிரைவ். விண்டோஸும் பாடங்களும் அதற்குள்தான் குடித்தனம் நடத்தின. பாடங்களைத் தனி டிரைவாகப் பிரித்து வைக்காமல் புது விண்டோஸ் போட்டால் அவையும் அழிந்துவிடும்.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் கொழுந்தனார் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் பிரிக்க முடியும் அண்ணி. பழைய வீடியோதானே, போனா போகுது."

"நீங்க எடுத்திருந்தா இப்படிச் சொல்வீங்களா தம்பி? தள்ளுங்க, நானே பார்க்கிறேன்."

மாணவிகளிடம் பென் டிரைவ்களை இரவல் வாங்கி, எது யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டி, நூற்று முப்பது பாடங்களை நகல் எடுத்தார். மீதி இருநூற்று எழுபதுக்குப் போக்கிடம் இல்லை. கை தவறினால் அவை போனது போனதுதான். அயர்ன் பாக்ஸால் ஃபியூஸ் போய்த் தொலைக்கக் கூடாதென்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

இன்னொரு டிரைவுக்கு இடம் விட்டு சி டிரைவைச் சுருக்கும்படி கம்ப்யூட்டரிடம் சொன்னார். பாதி டிஸ்க் காலியாகக் கிடந்தும், துளி இடம்தான் தருவேன் என்றது கம்ப்யூட்டர்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் கொழுந்தனார், பரம திருப்தியோடு.

தையல்காரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலி இடம் இருந்தும் நகரவில்லையென்றால் நடுவில் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் துழாவினார். அகப்பட்டுக்கொண்டது: விண்டோஸ் தன் வேலைக்காக வைத்துக்கொள்ளும் ஒரு ஃபைல், நட்டநடுவில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதைத் தற்காலிகமாக நிறுத்தி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மறுபடி சுருக்கச் சொன்னார். கேட்ட இடம் மொத்தமும் வந்தது. அதில் டி டிரைவ் பிறந்தது. நானூறு பாடங்களையும் அங்கே குடியேற்றி எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சி டிரைவில் விண்டோஸைப் புதிதாகப் போடும் வேலையைப் பெருந்தன்மையோடு கொழுந்தனாருக்கு விட்டுக்கொடுத்தார். அது முடிந்ததும் முதல் பாடத்தைத் திறந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தையல்காரம்மா திரையில் வந்து, கையில் துணியோடு கண்டிப்பாகச் சொன்னார்:

"துணி நகரலைன்னா வெட்டாதீங்க. எங்கயோ குண்டூசி குத்தியிருக்கும். அதைத் தேடி எடுங்க."

கொழுந்தனார் ஒரு ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, அந்த வகுப்புல எனக்கு இடம் இருக்கா?"