ஊதுகுழலும் ஞாயிற்றுக்கிழமை யோகாசனமும்

இராமலிங்கப் பத்தரைப் பற்றி நம் நகைத் தொழிலாளரிடையே பல கதைகள் உலவுகின்றன. யோகாசனம் பயின்றதால் அவருடைய நரைமுடி கறுத்தது என்பார்கள். ஒரே மூச்சில் ஒரு காப்பு முழுவதையும் பற்றவைத்தார் என்பார்கள். இரண்டும் பொய். முடி கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. காப்பை எவராலும் ஒரே மூச்சில் பற்றவைக்க இயலாது. உரைகல்லில் தேய்த்துப் பாராமல் தங்கம் வாங்காத நாம், மனிதரைப் பற்றிய செய்தியை மட்டும் கேட்டவாறே வாங்கிக்கொள்கிறோம். ஆகவே இளம் பத்தர்களுக்காக எழுதும் இக்குறிப்பில், நான் நேரில் கண்டதும் என் உடம்பில் அறிந்ததும் மட்டுமே இடம்பெறும். பிறர் சொன்னதை எழுத நேர்ந்தால், சொன்னவர் இன்னார் என்று குறிப்பிடுவேன்.

அவர்மீது எனக்குப் பொறாமை இருந்தது. அதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அதை நீக்கினால் செய்தி பிழைபடும்.

1. சுடர் நடுங்கிய நாள்

மலாயா விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டு. மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு வீட்டின் பின்கட்டில் எங்கள் பட்டறை இருந்தது. முதலாளியின் நகைக்கடை ஜாலான் பெண்டஹாராவில். அங்கே விற்பனை, இங்கே வேலை. பட்டறையில் மூவர் இருந்தோம். நான் கம்பி இழுப்பேன், தகடு அறுப்பேன். முத்தையா மெருகு போடுவார். பற்றவைப்பு முழுவதும் இராமலிங்கப் பத்தருடையது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தெட்டு.

பற்றவைப்பு அக்காலத்தில் கேஸ் சுடரால் நடந்ததில்லை. தடித்த திரியிட்ட எண்ணெய் விளக்கின் சுடரை, பித்தளை ஊதுகுழலால் ஊதிக் கூர்மையாக்கி, நகையின்மேல் பாய்ச்ச வேண்டும். இணைப்பில் வெங்காரம் தடவி, எளிதில் உருகும் பற்றுப்பொடி வைத்திருப்போம். பொடி உருகி ஓடும் நொடியில் ஒரு சிறு மின்னல் தெரியும். அக்கணமே ஊதுவதை நிறுத்தினால் நகை. நிறுத்தத் தவறினால் உருண்டை. ஊதும் மூச்சு இடையில் அறுபடக் கூடாது. கன்னத்தைத் துருத்தியாக உப்பவைத்து, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் ஊத வேண்டும். பட்டறையில் சேர்ந்த நாள்முதல் எல்லாரும் இதைப் பழகுவோம்; கைவரப் பல ஆண்டுகள் ஆகும். வயது ஏறி நெஞ்சு தளர்ந்தால், அத்தனை ஆண்டுப் பழக்கமும் பயன்படாது.

சன்னலோரம் இருந்த அவருடைய இருக்கையைக் 'குழல் இடம்' என்போம். அதில் அமர்ந்தவரை மட்டுமே முதலாளி 'பத்தரே' என்று அழைப்பார். நான் பதினான்கு வயதில் அங்கு சேர்ந்தவன். முப்பத்தெட்டிலும் வெறும் சோமுதான். பட்டறைக்கு ஒரு வழக்கமும் உண்டு. குழல் இடம் கைமாறும்போது, இருந்தவர் தம் ஊதுகுழலை வருபவர் கையில் கொடுத்துவிட்டு எழ வேண்டும். குழல் இருக்கைக்கு உரியது. பிறர் தமக்கென ஒன்று வைத்துக்கொள்வதில்லை.

ஒரு நாள் காலை, பூப்பதக்கம் ஒன்றுக்கு இதழ் பற்றவைத்துக்கொண்டிருந்தார் பத்தர். இடையில் இருமல் வந்தது. சுடர் நடுங்கி ஒரு பக்கம் பாய, ஓர் இதழ் சரிந்து உருண்டது. முதலாளி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டார்.

"என்னா பத்தரே, இது பூவா, புளியங்கொட்டையா?"

"தொண்டையில புகை ஏறிருச்சு முதலாளி. மறுபடியும் செஞ்சு குடுத்துர்றேன்."

"புகை விளக்குல இருந்து வந்துச்சா, உங்க சுருட்டுல இருந்து வந்துச்சா?"

முதலாளி என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று குரலைத் தாழ்த்தினார். "சோமு, அவருக்கு மூச்சு வாங்குது. தீபாவளி வேலை வர்றதுக்குள்ள சரியாவலன்னா நீ குழல் புடி. போலேயா?"

"போலே முதலாளி" என்றேன். முடியுமா என்று அவர் கேட்டு முடிக்குமுன்பே முடியும் என்று சொல்லியிருப்பேன்.

அவ்வாரமே எனக்கென ஓர் ஊதுகுழல் செய்துகொண்டேன். இன்னொருவர் எச்சில் பட்ட குழல் எனக்கு வேண்டாம் என்பது என் நினைப்பு. அதைத் துணியில் சுற்றி, என் கருவிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

2. முட்டி வரைக்கும் வந்த கால்

பத்தர் டாக்டரிடம் சென்றார். டாக்டர் மருந்து கொடுத்து, சுருட்டை விடச் சொன்னார். பத்தர் விட்டார். அம்மாதத்திலேயே அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே குணசேகரன் என்னும் ஆசிரியர் காலைவேளையில் யோகாசனம் கற்பித்தார். பினாங்கில் பயின்று வந்தவர். பத்தரின் மகனைவிட இளையவர்.

திங்கட்கிழமைகளில் முத்தையாவுக்குக் கொண்டாட்டம்.

"என்னா பத்தரே, காலைத் தூக்கிக் கழுத்துல போட்டாச்சா?"

"கழுத்துக்கு வரல. முட்டி வரைக்கும் வந்திருக்கு."

"அலாமாக்! அப்ப அடுத்த வருசம் சர்க்கஸுல சேந்துரலாம்."

"சேந்தா உன்னையும் கூட்டிட்டுப் போறேன். கொரங்குக்கு ஆள் தேடுறானுங்களாம்."

நானும் சிரித்தேன், ஆனால் என் செவி அவருடைய நெஞ்சில் இருந்தது. முதலில் மாலை இருமல் குறைந்தது. பிறகு, விளக்கேற்றியவுடன் வரும் இருமல் நின்றது. முதுகும் மாறியது. நாம் அனைவரும் ஒரு முழங்காலை உயர்த்தி, ஒரு பக்கமாகக் குனிந்து அமர்கிறோம். பல்லாண்டுகள் அப்படி அமர்ந்த உடம்பு, எழுந்து நின்றாலும் அமர்ந்த கோலத்திலேயே இருக்கும். இப்போது அவர் எழும்போது சுவரைப் பிடிப்பதில்லை. இரவில் தடையின்றி உறங்குகிறார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். நான் விசாரித்ததை நலம் விசாரிப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு தட்டு வடையும் கொடுத்தார். தின்றேன்.

அவர் இருமாத ஒவ்வொரு காலையும் எனக்கு நட்டமாக இருந்தது. தீபாவளி வேலை வந்தது. சன்னலோரம் அவருடைய சுடர் வேப்பிலைபோல் நீண்டு, அசையாமல் நின்றது. முதலாளி தோளில் தட்டி, "பத்தரே, உங்களுக்கு வயசு பின்னாடி போவுது" என்றார். என் பெட்டியின் அடியில் குழல் துணியை விட்டு வெளியே வரவில்லை.

3. "கன்னத்த விடுங்க"

அவ்வகுப்பில் ஏதோ மூச்சு வித்தை கற்பிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதைக் கற்றால் அவரை மிஞ்சிவிடலாம். ஆகவே ஒரு ஞாயிறு காலை நானும் போனேன். பத்தர் என்னைக் கண்டு வியக்கவில்லை. பாயைச் சற்று நகர்த்தி இடம் விட்டார்.

அங்கே ஏறத்தாழப் பத்துப் பேர் இருந்தனர். எனக்கு முன்னால் நாச்சியம்மா. காஜா பேராங்கில் பல தலைமுறைகளாக வாழும் செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர், எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். தமிழ்ச் சொற்கள் சிலவே வரும். அறுபதைக் கடந்த அந்த அம்மையார் காலை நீட்டி அமர்ந்து, முன்னால் குனிந்து, கணுக்காலைப் பிடித்தார். என் கை முழங்காலோடு நின்றது. ஒரே காலையில் இருவர்மீது பொறாமைப்பட நேர்ந்தது.

"தாங்கான் பெண்டேக் கா?" என்று கேட்டார் அவர். கை குட்டையோ என்பது அதன் பொருள்.

மூச்சுப் பயிற்சி வந்தது. 'இதில் என்னை வெல்ல எவருமில்லை' என்று நிமிர்ந்தேன். மெல்ல இழுத்து மெல்ல விடுங்கள் என்றார் ஆசிரியர். நான் கன்னத்தை உப்பவைத்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து ஊதினேன். அறையில் சிரிப்பு எழுந்தது. கண் திறந்தால், முன்னால் ஆசிரியர்.

"அண்ணே, கன்னத்த விடுங்க. இங்க விளக்கு இல்ல, நகையும் இல்ல."

"இதானே மூச்சு?"

"இது ஊதுறது. மூச்சு வயித்துல இருந்து வரணும், மூக்கு வழியா. அவசரமே வேணாம். அடக்கிப் புடிக்கவும் வேணாம்." பிறகு பத்தரைக் காட்டி, "இவரும் மொத நாள் இப்படித்தான் ஊதுனாரு" என்றார்.

"என் கன்னம் இவ்வளவு பெருசா வரல" என்றார் பத்தர், கண் திறவாமலே.

வித்தை எதுவும் அங்கே இல்லை. "எந்த வயசுலயும் ஆரம்பிக்கலாம், ஆனா அவங்கவங்க வயசுக்கு ஏத்த மாதிரி ஆரம்பிக்கணும். வலிச்சா நிறுத்திறணும்" என்பதை ஒவ்வொரு வாரமும் சொல்வார் ஆசிரியர். நோய் உள்ளவரை முதலில் டாக்டரிடம் அனுப்புவார். எனக்கு ஏமாற்றம். ஆயினும் பத்தர் போவதை நிறுத்தாதவரை நானும் நிறுத்துவதாக இல்லை. அந்த வீம்பிலேயே மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் கம்பி இழுத்துவிட்டு எழுந்தபோது, இடுப்பில் வழக்கமான பிடிப்பு இல்லை. முத்தையா, "என்னா சோமு, நீயும் நிமிந்துட்ட?" என்றார். "பாய் மாத்துனேன்" என்று சொல்லிவைத்தேன்.

4. நாச்சியம்மாவின் கெரோங்சாங்

மறு ஆண்டு, விடுதலை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பண்டார் ஹிலிர் திடலில் கொண்டாட்டம் காணப் போகும் பெண்கள் பழைய நகைகளைச் செப்பனிடக் கொண்டுவந்தனர். நாச்சியம்மா தம் கெரோங்சாங்கைக் கொண்டுவந்தார். அது கெபாயாச் சட்டையின் முன்புறத்தைச் சேர்த்துப் பிடிக்கும் மூன்று ஊசிப்பூக்கள், சங்கிலியால் இணைந்தவை. ஒரு பூவின் காம்பு கழன்றிருந்தது.

"இனி மாக் புன்யா. ஜாங்ஙான் காசி ரோசாக்" என்றார். அம்மாவுடையது, கெடுத்துவிடாதீர்கள் என்று பொருள்.

பழைய நகையில் எவர் என்ன பொடி வைத்தார் என்பது தெரியாது. ஓரிடத்தில் பற்றவைத்தால் வேறோரிடம் விட்டுக்கொள்ளும். நீண்ட, மென்மையான சுடர் வேண்டும். மின்னல் கண்டவுடன் நிறுத்த வேண்டும். முதலாளி அதைப் பத்தர் கையில் வைத்தார். நான் என் இடத்திலிருந்து பார்த்தேன். சுடர் நடுங்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

சுடர் நடுங்கவில்லை. ஆனால் பத்தர் தாமாகவே குழலை இறக்கினார். மறுபடி எடுத்தார், மறுபடி இறக்கினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சோமு, இங்க வந்து உக்காரு."

போனேன்.

"மூச்சு இருக்கு. கண்ணுலதான் புகை. பொடி ஓடுறது தெரிய மாட்டேங்குது. நீ பாத்துச் சொல்லு."

எழுந்து போய் முதலாளியிடம் ஒரு சொல் சொன்னால் போதும், இருக்கை எனக்கு. அதே வேளையில் பற்றவைக்கும் கரிக்கட்டையின்மேல் அந்த அம்மையாரின் பூ கிடந்தது; என் மூச்சை நான் அறிவேன், அவ்வளவு நீண்ட சுடர் எனக்கு வராது. அவர் தோளோடு தோள் உரச அமர்ந்தேன். அவர் ஊதினார். வெங்காரம் பொங்கி அடங்கியது. தங்கம் சிவந்தது. மின்னல் ஓடியது.

"நிறுத்துங்க!"

நிறுத்தினார். பூ முழுமையாக இருந்தது.

மாலையில் முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பத்தரே, இந்தக் கை வேற யாருக்கு வரும்? யோகாசனம் உங்கள இன்னும் பத்து வருசம் உக்கார வச்சிரும்" என்றார். என்னை அவர் பார்க்கவே இல்லை.

"மூச்ச அது குடுத்துச்சு முதலாளி. கண்ண சோமு குடுத்தான். இனிமே இடம் அவனுக்கு" என்றார் பத்தர்.

எழுந்தார்; சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். பலகையில் விளக்கு இருந்தது, கரி இருந்தது. தம் ஊதுகுழலை மட்டும் எடுத்து, மடியில் செருகிக்கொண்டு வெளியேறினார். மறுநாள் காலை நான் என் குழலால் ஊதினேன். முதலாளி, "பத்தரே" என்றார்.

இராமலிங்கப் பத்தரின் கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள். நுண்ணிய வேலைக்கு ஏற்ற பார்வை திரும்பவில்லை. யோகாசனம் கண்ணைச் சரிசெய்யவில்லை. செய்யும் என்று ஆசிரியரும் சொன்னதில்லை. பத்தர் ஞாயிறுகளில் வருவதை விடவில்லை. எழுபதிலும் எனக்கு முன்வரிசையில் அமர்ந்து, நான் இருமுறை மூச்சு விடும் நேரத்தில் ஒருமுறை விடுவார். குழல் இடம் எனக்கு வந்த பின்னும் அந்த மூச்சின்மீது எனக்கிருந்த பொறாமை தீரவில்லை.

இளம் பத்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. குனிந்து அமரும் தொழில் நம்முடையது. நிமிர்வதற்கென நேரம் ஒதுக்குங்கள். இருபதில் தொடங்கினாலும் அறுபதில் தொடங்கினாலும் தெரிந்தவரிடம் தொடங்குங்கள். எந்த நோக்கத்தோடு வந்தாய் என்று உடம்பு கேட்பதில்லை. பொறாமையால் போன எனக்கும் முதுகு நிமிர்ந்தது.

தெரியாதவை இரண்டு உள்ளன. பத்தரின் நெஞ்சு தேறியது யோகாசனத்தாலா, மருந்தாலா, சுருட்டை விட்டதாலா என்பது எனக்குத் தெரியாது. மூன்றும் ஒரே மாதத்தில் தொடங்கின. வழக்கப்படி என் கையில் கொடுக்க வேண்டிய குழலை அவர் ஏன் எடுத்துச் சென்றார் என்பதும் தெரியாது. நான் குழல் ஒளித்துவைத்திருந்த பெட்டியை அவர் திறந்து நான் பார்த்ததில்லை.