கஞ்சித் தூக்குக்கு நின்ன லாரி

நாட்டுல எமர்ஜென்சி போட்டிருந்த நேரம். செங்கல்பட்டுல ஆஸ்பத்திரிக்கு எதுக்க இருக்கிற கூட்டு ரோட்டுல, மீன்கூடையோட சைக்கிள்ல போன எங்க வூட்டுக்காரர லாரிக்காரன் தட்டிவுட்டுட்டான். கால் முறிஞ்சி அந்த ஆஸ்பத்திரியிலயே படுத்துகினாரு. அப்பறந்தான் ரோட்டு ஆபீசருங்களுக்கு ரோசன வந்து, ஜனங்க நடந்து தாண்டறதுக்குன்னு வெள்ளக்கோடு போட்டாங்க. கோடு ரொம்ப அழகா இருந்துச்சி. லாரிக்காரனுங்க அதுமேலயே ஏறிப் போனானுங்க.

எதிர்ப்பக்கம் பஸ்ஸ வுட்டு எறங்கி, கஞ்சித் தூக்கோட நிக்கிறேன். பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி கேட்ட சாத்திட்டா அந்த மனுசனுக்கு அன்னிக்குப் பட்டினி. ஒருத்தனும் நிறுத்தல. தூக்க வயித்துமேல வெச்சி முந்தானையால மூடி, இடுப்புல கை குடுத்து, "அம்மாடி"ன்னு ஒரு சத்தம் வுட்டேன். புள்ளத்தாச்சின்னு நெனச்சி ரெண்டு பக்கமும் லாரி நின்னுபோச்சி. கோட்டுமேல மகாராணியாட்டம் நடந்தேன்.

கேட்டுல இருந்த ஆயாம்மா வுட்டாளா? "வலி கண்டுடுச்சாம்மா?"ன்னு கையப் புடிச்சி, நேரா பிரசவ வார்டுக்கு இட்டுகினு பூட்டா. அங்க தூக்க எடுத்துக் காட்டினேன்.

"அடிப்பாவி, மூடியோடவே பெத்துட்டியே!"ன்னு சிரிச்சிகினே வுட்டுட்டா.

வூட்டுக்காரரு பசியில கத்துனாரு: "இன்னாமே, இவ்ளோ நேரம்?"

"பிரசவம்னா நேரமாவாதா? கஞ்சியக் குடிய்யா"ன்னேன்.