சின்னம் மட்டும் வரைந்தவர்

சாலைக் கடைத்தெருவில் சுவரெழுத்து எழுதும் அவர், பிரஷைக் காதில் செருகிக்கொண்டுதான் பேசுவார். காதோரம் எப்போதும் நீலச்சாயம் இருக்கும். எண்பதுகளில் ஒரு பாராளுமன்றத் தேர்தல். கட்சிச் சின்னத்தை அவர் சுவரில் வரைந்து முடித்தபோது கட்சிச் செயலாளர் வந்தார்.

"அண்ணாச்சி, டெல்லித் தலைவர் முகத்தப் பெரிசா வரையும். ஜனம் அதுக்குத்தான் வோட்டுப் போடும்."

"அவரு இங்கயா நிக்காரு? வோட்டுச்சீட்டுல முகம் இல்ல, சின்னந்தான் உண்டு கேட்டோ. நான் கட்சிக்கு எழுதுறவன், ஆளுக்கு இல்ல."

"வரையத் தெரியலைன்னு சொல்லும். வேற ஆளு உண்டு."

அவர் கரித்துண்டை எடுத்து, பக்கத்திலேயே செயலாளரின் முகத்தை வரைந்தார், தொங்கு மீசையோடு.

"வரையத் தெரியும். ஆனா இதுக்கு எவன் வோட்டுப் போடுவான்?"

தெருவே சிரித்தது. வேலை அன்றோடு போயிற்று. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்த நடையை, அந்தத் தேர்தலில் ஜெயித்தவரிடம்கூட நான் பார்க்கவில்லை.