முழுக்கையை மடித்த நாள்

எங்கள் ஜவுளிக் கடையில் வெள்ளைத் துணிப் பிரிவில் நின்றவரை எல்லோரும் ‘முழுக்கை’ என்றே கூப்பிட்டோம். உச்சி வெயிலிலும் அவர் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றியதில்லை. முழங்கைக்குக் கீழே சோரியாசிஸ். தோல் சிவந்து தடித்து, செதில் உதிரும். ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. ஆனால் வாங்க வருகிறவர்களிடம் அதை யார் போய் விளக்குவது?

மெல்லிய துணி விற்பவர் அதற்கு அடியில் வெறும் கையை நுழைத்துக் காட்ட வேண்டும். தோல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத்தான் உள்துணி வைத்துத் தைப்பதா என்று தீர்மானிப்பார்கள். இவர் வெள்ளைச் சட்டைக் கையோடு நுழைத்துக் காட்டினார். வெள்ளைக்குக் கீழே வெள்ளை வைத்தால் எதுவும் கெட்டியாகத்தான் தெரியும். வாங்கிப்போன ஓர் ஆசிரியை தைத்த சட்டையோடு திரும்பி வந்தார்.

“இது துணியா, கண்ணாடியா? இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிப் பசங்க முன்னாடி நிக்கிறது?”

முதலாளி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு இவரிடம் வந்தார். “அண்ணே, கோவத்துல சொல்லல. பள்ளிக்கூடம் தொறக்குற சமயம் வரைக்கும் பாருங்க. அப்பவும் கையைக் காட்ட முடியலன்னா கிடங்குக்குப் போயிடுங்க.”

கிடங்கில் மூட்டைகள்தான் உண்டு, பேச ஆளில்லை. வாய் ஓயாத மனிதருக்கு அது சிறை.

“வேற டாக்டரைப் பாப்போம்” என்றார் மனைவி.

“பார்த்ததெல்லாம் போதும். எதுவும் நமக்கு ஒத்துக்காது.”

“சட்டையை மட்டும் மாத்தவே மாட்டீங்க. மருந்தை மட்டும் மாத்திக்கிட்டே இருப்பீங்க. கெளம்புங்க!”

இத்தனை மருந்தைப் பாதியில் விட்டதற்குத் தோல் மருத்துவர் திட்டுவார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்தார். அந்த அம்மா திட்டவில்லை. “எதை ஏன் விட்டீங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க” என்றார்.

“களிம்பு நல்லாக் கேட்டுச்சு. அடங்கிடுச்சேன்னு நானே விட்டுட்டேன். மறுபடி வந்தப்ப முன்ன மாதிரி கேக்கல.”

“தார் மருந்தை நாத்தம்னு விட்டார்” என்றார் மனைவி. “கடைத் துணியில கறை வேற.”

“தோலுக்கு வெளிச்ச சிகிச்சைன்னு ஒரு கருவி முன்னாடி நிக்கச் சொன்னாங்க. வாரத்துல பாதி நாள் ஆஸ்பத்திரியில நின்னா கடையில யார் நிக்கிறது? அப்புறம் மாத்திரை. ரத்தத்தைச் சோதிச்சு, ஈரல் தாங்கலன்னு அந்த டாக்டரே நிறுத்திட்டார்.”

மருத்துவர் சிரித்தார். “ஒண்ணு நாத்தம், ஒண்ணு வேலை, ஒண்ணு ஈரல். இதுல நீங்க தோத்தது எங்கே? இந்த நோய்ல நிறையப் பேர் மருந்து மாத்துறவங்கதான். ஏன் விட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் அடுத்ததைச் சரியாப் பிடிக்க முடியும். அடுத்தது ஊசி. அது உள்ள ஒளிஞ்சிருக்கிற காசநோயைக் கிளப்பிவிடலாம், அதனால முதல்ல அதைச் சோதிச்சுட்டுப் போடலாம்.”

“அதுவும் கேக்கலன்னா?”

“மாத்துவோம்.”

அந்த ஒரு சொல்லில் அவர் பயம் போனதாக மனைவி பிறகு எங்களிடம் சொன்னார்.

பள்ளி திறக்கும் சமயம் அதே ஆசிரியை வந்தார். இவர் பொத்தானைக் கழற்றி, கையை மடித்துவிட்டு, துணிக்கு அடியில் நுழைத்தார். ஊசியில் தடிப்பும் செதிலும் போய், வெளிறிய திட்டுகள் மட்டும் மிச்சம். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கையில என்னங்க திட்டு?” என்றார் ஆசிரியை.

“சோரியாசிஸ்மா, ஒட்டாது. துணி வழியாவே திட்டு தெரியுதா?”

“நல்லாத் தெரியுதே!”

“அப்ப இதுக்கு உள்துணி வெச்சுத்தான் தைக்கணும்” என்றார் அவர்.