ஓட வெச்சிப் பாருண்ணா

சாம்சனின் கையெழுத்து அழகாக இருக்கும். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பதின்மூன்று வருஷமாக மெயின்டெனன்ஸ் எலெக்ட்ரீஷியன். அங்கே பழுதுப் புத்தகத்தை எந்தப் பக்கம் புரட்டினாலும் 'பார்த்தேன், ஓகே' என்று எழுதி, அதன் கீழே வாலை நீட்டிச் சுழித்த அந்தக் கையெழுத்து இருக்கும். ஆடிட்டுக்கு வருகிற ஆட்கள்கூட ரசித்துவிட்டுப் போவார்கள். இப்போது சாம்சனாலேயே அதைப் பார்க்க முடியவில்லை. போன மார்ச் மாதம் போட்ட மூன்று கையெழுத்துகள்தான் காரணம். அவை ராஜாமணி என்கிற மனுஷனைப் பொய்யனாக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டன.

ராஜாமணி குன்றத்தூர்க்காரன், வயது இருபத்தெட்டு, தகடு அடிக்கும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும். பிரஸ் இறங்கி அடிக்கும். எட்டு நொடிக்கு ஒன்று, நாள் முழுக்க. பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பங்கள் உண்டு, நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. கை குறுக்கே வந்தால் ஒளி அறுபட்டு பிரஸ் அப்படியே நின்றுவிட வேண்டும். கைக்கு இருக்கும் ஒரே காவல் அதுதான். அந்தக் காவல் எப்போதாவது தூங்கிவிடுகிறது என்று ராஜாமணி மூன்று தடவை வந்து சொன்னான். சாம்சனும் மூன்று தடவை போனார், அதில் குறை சொல்ல முடியாது. பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லி, சோதிப்பதற்கென்றே இருக்கும் கறுப்புத் தடியைக் குறுக்கே நீட்டினார். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதிவிட்டு வந்துவிட்டார்.

மூன்றாம் தடவை ராஜாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஓட வெச்சிப் பாருண்ணா. நிறுத்தி வெச்சா அது நல்ல புள்ளையாட்டம் கீது. ரெண்டு மணி நேரம் ஓடி சூடாச்சின்னாதான் பேஜார் பண்ணுது."

"ஓடுற பிரஸ்ல தடிய விடச் சொல்லுதியா? உள்ள இருக்குற டை அச்சு ஒடைஞ்சா கோதண்டராமன் சார் என் தோல உரிச்சிருவாரு டே," என்றார் சாம்சன். கோதண்டராமன் அந்த லைனின் சூப்பர்வைசர். "விளக்கு எரியுதுல்லா? போ, வேலையப் பாரு."

நாலாம் தடவை புகார் வரவில்லை. ராஜாமணியின் இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. விசாரணைக்கு வந்தவர்கள் சாயங்காலம், பிரஸ் ஆறிக் கிடந்தபோது, அதே கறுப்புத் தடியை நீட்டினார்கள். அதே சிவப்பு விளக்கு எரிந்தது. புத்தகத்தைப் புரட்டினால் மூன்று ஓகே. ஆக, ஆபரேட்டர் அவசரப்பட்டு, ஒளி இல்லாத பக்கவாட்டில் கையை விட்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை சார், நேராகத்தான் விட்டேன் என்று ராஜாமணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு கத்தினானாம். யார் காதில் விழுந்தது? சாம்சன் காதில் விழுந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதமாக ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

இந்தக் கதையில் டபுள் பேஸ் என்று ஒரு வாத்தியமும் உண்டு. அது இதில் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அங்கேதான் வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் சாம்சன் போகிற சபை ஒரு தகரக் கூரைக் கட்டடம். அங்கே ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்த கொரியாக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் டபுள் பேஸை விட்டுவிட்டுப் போனார். ஆளைவிட உயரமான வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்க வைத்து, கட்டிப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். சாம்சன்தான் ஒரு நாள் ராஜாமணியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு, ஆறு மாதத்தில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை குன்றத்தூர் மலை ஏறி முருகனைக் கும்பிடுவான், ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நிற்பான். பாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வாசித்தால் தரை அதிர்ந்து பாதம் வழியாக மேலே ஏறும், அதற்கு மேல் என்ன சொல்ல?

அந்த வாத்தியத்தில் ஒரே சனியன் அதன் பிக்கப். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டைக் குதிரை என்பார்கள். அதில் இருக்கும் பிளவில் நகம் அளவு தகடு ஒன்றைச் செருகி, அதிலிருந்து மயிரிழை ஒயர் ஒன்றை ஒலிபெருக்கும் ஆம்ப் பெட்டிக்கு இழுத்திருப்பார்கள். மரத்தின் அதிர்வைத் தகடு பிடித்துக்கொள்ளும். பிடிக்கிற நாளில் பிடிக்கும். பிடிக்காத நாளில் கரகரக்கும், பாட்டு நடுவே செத்துவிடும். கொரியாக்காரர் காலத்திலேயே அப்படித்தான். ராஜாமணி போன பிறகு அதை வாசிக்க வேறு நாதியில்லை. ஒயரையெல்லாம் சரிபண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த சாம்சனுக்கு அவனைப் பார்த்துப் பார்த்தே நாலு சுரம் தெரியும். பாஸ்டர் அவர் தலையில் கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து பிடித்தது கேடு. கழுத்துப் பலகையின் ஓரத்தில் ராஜாமணி வெள்ளை பெயின்டில் புள்ளி வைத்திருந்தான், விரல் வைக்க வேண்டிய இடங்களுக்கு அடையாளமாக. அதற்கு நேர் பின்னால் மரம் அவன் கைவியர்வையில் கறுத்திருந்தது. இல்லாத விரல்களின் இடத்தில் தன் விரலை வைத்துத்தான் சாம்சன் வாசித்தாக வேண்டும். மூன்றாவது பாட்டு வந்தால் சத்தம் அறுந்துவிடும். சனங்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள், அடியில் மட்டும் ஒன்றும் இருக்காது. அதோடு விட்டதா? எல்லோரும் கண்ணை மூடி மௌன ஜெபத்தில் இருக்கும்போது, யாரும் தொடாமலே பேஸ் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று முனகும். ஹைவேயில் கன்டெய்னர் லாரி போகிற அதிர்வுதான் என்று சாம்சனின் மூளைக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியவில்லை.

சபையைக் கூட்டித் துடைக்கும் லூர்தம்மாள் பக்கத்து ஊர்க்காரி. அவள் நேராகவே சொல்லிவிட்டாள். "அந்தப் புள்ளதான் தம்பி வருது."

"அவன் உயிரோட இருக்கான்க்கா. இருக்கிற மனுஷன் எப்படி ஆவியா வருவான்?"

"ஆளு உயிரோட கீது. வெரலு செத்துப்போச்சில்ல? வெரலு வரும்."

அன்று ராத்திரி சாம்சன் சோறு பிசையும்போது தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மஞ்சுளா கொஞ்ச நாளாகவே கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கேஸ் வால்வை மூன்று தடவை திருகிப் பார்க்கிறார், கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டிப் பார்க்கிறார். "உங்களுக்கு என்னமோ பிடிச்சிருக்கு," என்றாள். அவர் எழுந்து கேஸ் வால்வைப் பார்க்கப் போனார்.

பிக்கப்பை அவர் சும்மா விட்டாரா என்றால் இல்லை. கேபிளை மாற்றினார், ஜாக்கை மாற்றினார். பிளவு லூசாக இருக்கிறதோ என்று காகிதத்தை மடித்துச் செருகினார். ஒவ்வொரு தடவையும் பாயை விரித்து, பேஸைப் படுக்கப் போட்டு, குதிரையை விரலால் தட்டுவார். ஆம்ப் 'டும் டும்' என்று கணீரென்று பதில் சொல்லும். சரியாகிவிட்டது என்று மூடி வைப்பார். அடுத்த ஞாயிறு மூன்றாவது பாட்டில் செத்துவிடும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள், மதியம் ஒரு மணி இருக்கும். சாம்சன் வழக்கம்போலப் பாயை விரித்தார், பேஸைக் கிடத்தினார், தட்டினார். 'டும் டும்.' இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாப்பைப் பிழிந்துகொண்டிருந்த லூர்தம்மாள் கேட்டாள். "ஏன் தம்பி, அத்த எப்பப் பாத்தாலும் படுக்கப் போட்டே பாக்குற? நிக்க சொல்லோதான அதுக்கு சீக்கு வருது? வேல செய்ய சொல்லோ பாரேன்."

சாம்சன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து பேஸை நிற்க வைத்து, அணைத்துப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு. தகரக் கூரைச் சூட்டில் வியர்வை கண்ணில் இறங்கியது. வெள்ளைப் புள்ளிகளில் விரலை அழுத்தி அழுத்தி வாசித்தார். மூன்றாவது பாட்டு பாதியில் சத்தம் அறுந்தது. இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை. ஒரு கையால் தந்தியை மீட்டிக்கொண்டே, மறு கையால் குதிரையிலிருந்து தொங்கும் ஒயரை மெல்லத் தூக்கிப் பிடித்தார். சத்தம் வந்தது. ஒயரை விட்டார், போய்விட்டது. பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். நின்றால் ஒயர் தன் கனத்தில் தொங்கும், மரம் அதிர அதிர விரிசல் வாயைத் திறக்கும். படுக்கப் போட்டால் ஒயர் மரத்தின் மேல் சாய்ந்து வாயை மூடிக்கொள்ளும்.

'நிறுத்தி வெச்சா அது நல்ல புள்ளையாட்டம் கீது.'

பிடரிக்குப் பின்னால், அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. சாம்சன் திரும்பினார். யாரும் இல்லை. லூர்தம்மாள் வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு. அவர் பார்த்ததெல்லாம் அந்த விளக்கைத்தான். விளக்கு எரிந்தால் ஒளி அறுந்தது என்று அர்த்தம், பிரஸ் நின்றது என்று அர்த்தமில்லையே! நாலாம் நம்பர் இன்றைக்கும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், காலை ஆறு மணியிலிருந்து. அதில் ராஜாமணிக்குப் பதிலாக வந்த தங்கமாரி நிற்கிறாள்.

கோதண்டராமனுக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. தங்கமாரியின் போன் லாக்கரில் இருக்கும், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பேஸைச் சுவரில் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரகடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. கர்த்தாவே, எட்டு நொடிக்கு ஒன்று, எட்டு நொடிக்கு ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

தங்கமாரி சங்கரன்கோவில் பக்கம், இருபத்திரண்டு வயது. போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு சாம்சன் உள்ளே ஓடியபோது, பிரஸ்ஸுக்குள் தகட்டை வைத்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, லீவு நாள்ல வந்திருக்கீக?"

"கைய எடு தாயி. எடு முதல்ல."

கோதண்டராமன் ஓடி வந்தார். "இன்னா சாம்சன், சண்டேல இன்னா டிராமா இது? டார்கெட்டு இன்னா ஆவுறது?"

சாம்சன் மூலையில் இருந்த மாப்புக் கட்டையை எடுத்தார். தங்கமாரியைத் தள்ளி நின்று பெடலை மட்டும் மிதிக்கச் சொன்னார். பிரஸ் இறங்கும்போது கட்டையைக் குறுக்கே நீட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது, பிரஸ் நின்றது. மறுபடியும் நீட்டினார், நின்றது. பத்துத் தடவை நின்றது. கோதண்டராமன் சிரித்துவிட்டார். "நல்லாதாம்பா கீது. வூட்டுக்குப் போய் படு."

"மிதி தாயி," என்றார் சாம்சன்.

பதினேழாவது தடவை சிவப்பு விளக்கு எரிந்தது. பிரஸ் நிற்கவில்லை. கட்டை இரண்டாகி, ஒரு துண்டு தங்கமாரியின் ஷூவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். விளக்கு சிவப்பாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பவரை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லி உத்தரவு கொடுக்கும் தீப்பெட்டி அளவு ரிலே, தொட முடியாத சூட்டில் ஒட்டிக் கிடந்தது. சாம்சன் ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு தட்டினார். 'டிக்' என்று விட்டுக்கொண்டது.

கோதண்டராமன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். "மாத்திடு சாம்சன். புதுப் பழுதுன்னு எழுதிடு. பழசுல கை வெக்காத. அங்க கீறது உன் கையெழுத்து, என்துதில்ல. உன் வேல பூடும்."

"போகட்டும் சார்," என்றார் சாம்சன். புத்தகத்தை எடுத்து நின்றபடியே எழுதினார். அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுக்கலாம் என்றால் போன் கேட்டில் இருந்தது. ஒரு தாளில் வரிக்கு வரி பார்த்து எழுதிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த நம்பரை அழுத்தினார்.

"சொல்லு," என்றான் ராஜாமணி. அண்ணா இல்லை, ஒன்றும் இல்லை.

"தம்பி, ஓட வெச்சிப் பாத்தேன்."

"எழுதினியா?"

"எழுதிட்டேன்."

"படி."

சாம்சன் படித்தார். "நாலாம் நம்பர் பிரஸ். சூடான பின் ரிலே ஒட்டிக்கொள்கிறது. விளக்கு எரிந்தாலும் பிரஸ் நிற்கவில்லை. மார்ச் நாலு, ஒன்பது, பதின்மூன்று ஆகிய தேதிகளில் ஆபரேட்டர் ராஜாமணி இதைச் சொன்னார். நான் ஓட வைத்துப் பார்க்காமல் ஓகே எழுதினேன். அவர் மேல் தவறு இல்லை. சாம்சன்."

"இன்னொரு தபா படி."

படித்தார்.

"இன்னொரு தபா."

மூன்றாம் தடவை தேதிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தார் சாம்சன். இனி திட்டுவான் என்று காத்திருந்தார், திட்டிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"இப்ப அந்த பிரஸ்ல யாரு நிக்கிறது?" என்று கேட்டான் ராஜாமணி.

"தங்கமாரின்னு ஒரு பிள்ளை."

"கை?"

"பத்தும் இருக்கு தம்பி."

ராஜாமணி அழ ஆரம்பித்தான். ஏழு மாதத்து அழுகை. சாம்சன் கேட்டருகே வெயிலில் நின்றபடி, அவன் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.